பயமுறுத்தவில்லை என்பது ஒரு குற்றச்சாட்டா?

பேய்ப் படமா காமெடிப் படமா, முதலில் அதை முடிவு செய்துகொண்டு கேமராவைத் தூக்குங்கள். 2011-ல் ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா' வந்ததிலிருந்து தமிழில் எந்தப் பேய்க் காமெடி வெளியானாலும் விமர்சகர்கள் இந்த அறிவுரையை ஏதாவது ஒரு வடிவத்தில் வழங்கிவிடுகிறார்கள். கூடவே ஐந்துக்கு ஒன்றரை ஸ்டார், மனமிரங்கினால் இரண்டு. அதையும் மீறிப் படம் ஓடிவிட்டால் அடுத்த வாரம் ஒரு சமாதானம் வரும்: "பி, சி சென்டர்ல பிக்கப் ஆயிடுச்சு." வல்லத்தில் இருப்பவனுக்கு அந்தச் சமாதானம்தான் முதலில் உறைக்கிறது. படம் பார்க்கச் செஞ்சிக்கோ திண்டிவனத்துக்கோ பஸ் ஏறுகிற எங்களைத்தான் அவர்கள் சி சென்டர் என்கிறார்கள்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு வைத்துவிடுகிறேன். பேய்ப் படத்தின் வேலை பயமுறுத்துவது. நடுவே கோவை சரளா அலறி ஓடினால், லாரன்ஸ் அவர் இடுப்பில் தாவி ஏறிக்கொண்டால், பயம் கலைந்துவிடுகிறது. பேய்க்கு என்ன சக்தி, எது வரம்பு என்பதற்கு ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் பொருத்தம் இருப்பதில்லை. கதை எப்போதும் ஒன்றுதான்: ஒரு பங்களா, ஒரு குடும்பம், ஒரு ஃபிளாஷ்பேக், ஒரு பழிவாங்கல், கடைசியில் ஒரு அம்மன் பாட்டு. காதைக் கிழிக்கும் பின்னணி இசையை வைத்துத் திடுக்கிட வைப்பதைத் திகில் என்று நம்புகிறார்கள். இத்தனை இருந்தும் ஓடுகிறது என்றால், பார்ப்பவர்களுக்கு எதைப் போட்டாலும் போதும். சுருக்கமாக இதுதான் வழக்கு. இதைச் சொல்பவர்கள் மூடர்கள் அல்லர். உலக சினிமா பார்த்தவர்கள், 'பிசாசு'வையும் 'மாயா'வையும் தாங்கிப் பிடித்தவர்கள். அதனால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

படத்துறை சொன்ன பதில் இதைவிட மோசம். 2024 நவம்பரில் 'கங்குவா' அடி வாங்கியதும், தியேட்டர் வாசலில் விமர்சனம் எடுக்கவே கூடாது என்று தயாரிப்பாளர்கள் கிளம்பினார்கள். முதல் சில நாட்களுக்கு இணைய விமர்சனங்களைத் தடுக்கக் கேட்டு வழக்கும் போனது. சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. அடுத்த மே மாதம் வந்த சந்தானத்தின் 'டெவில்ஸ் டபுள் நெக்ஸ்ட் லெவல்' இன்னும் ஒரு படி மேலே போய், விமர்சகர்களைப் பேய் தியேட்டருக்கு வரவழைத்துத் தீர்த்துக்கட்டும் இயக்குநர் ஆவி ஒன்றைக் கதையாக்கியது. செல்வராகவன் அந்த ஆவி. யோசனை என்னவோ பிரமாதம்தான். ஆனால் விமர்சகனைக் கொல்வது அவன் வாதத்துக்கு மறுப்பாகாது. வாதத்தை வாதமாகவே எடுத்துக்கொள்வோம்.

1. பயமும் சிரிப்பும் ஒன்றை ஒன்று கெடுக்கும் என்பது.

யார் சொன்னது? தமிழில் பேய் என்ற பாத்திரம் இலக்கியத்துக்குள் கொழுத்துத் திரிந்தது கலிங்கத்துப்பரணியில். முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைப் பாடப் புறப்பட்ட ஜெயங்கொண்டார், போர்க்களத்தைப் பேய்களின் சமையற்கட்டாக ஆக்குகிறார். பிணக்குவியலுக்கு நடுவே பேய்கள் யானைத் தந்தத்தால் பல் விளக்குகின்றன, விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன, கூழ் காய்ச்சுகின்றன, பந்தியில் உட்காருகின்றன. பார்ப்பனப் பேய்க்கு ஒரு விதமாக, சமணப் பேய்க்கு ஒரு விதமாக, குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் வேறு விதமாகப் பரிமாறப்படுகிறது. படிப்பவன் எந்த வரியில் அருவருக்கிறான், எந்த வரியில் சிரிக்கிறான் என்று பிரித்துச் சொல்ல முடியாது. 12-ஆம் நூற்றாண்டின் அரசவை இதை ரசித்தது. (உடற்குறையைக் கேலி செய்கிற வழக்கமும் அங்கேயே இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.)

அவ்வளவு தூரம் போக வேண்டாம், எங்கள் ஊர்ப் பக்கம் வாருங்கள். ஆல்ஃப் ஹில்டபைடல் என்ற அமெரிக்க ஆய்வாளர் திரௌபதி அம்மன் வழிபாட்டைப் பற்றி 1988-ல் வெளியிட்ட பெருநூலின் முதல் தொகுதிக்கு 'செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை' என்று துணைத்தலைப்பு வைத்தார். அந்தச் செஞ்சி வட்டாரத்தில் பாரதக் கூத்து நடக்கிறபோது விடிய விடியப் பார்த்திருக்கிறீர்களா? துகில் உரியும் கட்டத்தில் துச்சாதனன் வேஷம் கட்டியவருக்கே ஆவேசம் வந்துவிடுவதுண்டு. கூட்டத்தில் பெண்கள் கும்பிடுவார்கள், அழுவார்கள். அதே மேடையில், அதே இரவில், கட்டியங்காரன் துரியோதனனின் சபையையே நக்கலடித்துக்கொண்டு நிற்பான். அவன் பேச்சு அம்மனின் உக்கிரத்தைக் குறைத்துவிட்டது என்று இதுவரை எந்த ஊர்ப் பெரியவரும் புகார் சொன்னதில்லை. ஒரே இரவுக்குள் சிரித்து, பயந்து, கும்பிட்டு, அழுது வீடு திரும்புவதற்குப் பழகிய கண்கள் இவை. அந்தக் கண்களோடுதான் நாங்கள் தியேட்டருக்குள் போகிறோம். இங்கே 'ஹாரர்' என்ற பெயரில் தனியாக ஓர் அறை கட்டி, உள்ளே சிரிக்கக் கூடாது என்று பலகை மாட்டுவது வெளியிலிருந்து வந்த ஏற்பாடு.

சினிமாவுக்குள்ளேயே சாட்சி வேண்டுமா? ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' வந்தது 1964-ல். அதில் நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியைத் தெரியாத தமிழர் இல்லை. பாலையாவின் முகத்தில் நிஜமான பயம், நம் வயிற்றில் சிரிப்பு. பயம்தான் அந்தக் காட்சியின் நகைச்சுவைக்கே முதலீடு. மலையாளத்தில் 1993-ல் வந்த 'மணிச்சித்ரத்தாழ்' முழுக்கச் சிரிப்புக் காட்சிகள். அதைக் காவியம் என்று கொண்டாடுகிற அதே நாக்கு, 'அரண்மனை'யைப் பார்த்தால் கலப்படம் என்கிறது. தாய்லாந்தில் பிரசவத்தில் இறந்த நாக் என்ற பெண்ணின் ஆவிக் கதையைக் காமெடியாக்கிய 'பீ மாக்' 2013-ல் அந்த நாட்டின் வசூல் சாதனையையே முறியடித்தது. நம் விமர்சகர்களுக்குத் தாய்லாந்துப் படம் என்றால் அது பண்பாட்டு மரபு, திண்டிவனம் தியேட்டரில் ஓடினால் ரசனைக் குறைவு.

கலப்பது குற்றமில்லை. மோசமாகக் கலப்பது குற்றம். எங்கே மோசமாகக் கலந்தது என்று காட்சியைச் சுட்டிச் சொன்னால் அது விமர்சனம். "முடிவு செய்துகொண்டு வாருங்கள்" என்பது வெறும் வழிகாட்டிப் பலகை.

2. லாஜிக் இல்லை என்பது.

ஒற்றை ஆளாக அறுபது பேரை அடிக்கும் நாயகனிடம் கேட்கப்படாத கேள்வி பேயிடம் கேட்கப்படுகிறது. இதற்கு நீளமாகப் பதில் தேவையில்லை. பேய்க் கதைக்குத் தேவையான தர்க்கம் இயற்பியல் தர்க்கம் இல்லை, நியாயத் தர்க்கம். 'காஞ்சனா'வின் முடிவில் வில்லன் கோயிலுக்குள் ஓடி ஒளிகிறான். பேய் நுழைய முடியாத இடம். வெளியே தூக்கி எறியப்பட்ட காஞ்சனா, சாமியைப் பார்த்தே வழக்காடுகிறாள்: தப்பு செய்தவனுக்கு உள்ளே இடம், செத்தவளுக்கு வெளியே இடமா? கதவு திறக்கிறது. இதில் பேயின் சக்தி வரம்பு எங்கே போயிற்று என்று கேட்கிறவர், அரசன் முன் சிலம்பை உடைத்த கண்ணகியிடம் சட்டப் பிரிவு எண் கேட்பார். பழையனூர் நீலி தன்னைக் கொன்றவனைச் சபைக்கு இழுத்து வந்து, எழுபது வேளாளர்களின் வாக்கைப் பிணை வைத்த மண் இது. பேய் என்றாலே முடியாமல் நிற்கும் ஒரு வழக்கு என்று இங்கே ஒரு குழந்தைக்கும் தெரியும். கோயில் கதவு ஏன் திறந்தது என்பதற்கு அதைவிடத் திடமான காரணம் படத்தில் தேவையில்லை.

3. ஒரே ஃபார்முலா என்பது.

ஆம், ஒரே ஃபார்முலாதான். அது எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? அமாவாசை இரவில் மேல்மலையனூர் போனால் தெரியும். அங்காளம்மன் ஊஞ்சலுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் திரளும்; அதில் ஒரு பங்கு, 'காத்து கருப்பு' பட்டவர்கள் என்று வீட்டார் அழைத்து வந்தவர்கள். எங்கள் பக்கம் பம்பை அடித்துப் பேயோட்டுகிறவர் கேட்கும் கேள்விகள் மூன்று: யார் நீ, எப்படிச் செத்தாய், உனக்கு என்ன வேண்டும்? பேய் பெயர் சொல்லும், ஊர் சொல்லும், செத்த விதம் சொல்லும். பேய்க் காமெடியின் இடைவேளை, ஃபிளாஷ்பேக், க்ளைமாக்ஸ் மூன்றும் இந்த மூன்று கேள்விகள்தாம். லாரன்ஸும் 'அரண்மனை' எடுத்த சுந்தர் சி.யும் ஒருவரை ஒருவர் காப்பியடிக்கிறார்களோ இல்லையோ, இருவருக்கும் முன்பே அந்த வடிவம் பம்பைச் சத்தத்தோடு நின்றுகொண்டிருக்கிறது.

விமர்சகர்கள் தவறவிடும் முக்கியமான இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. சடங்கும் சினிமாவும் ஒன்றல்ல. தென்னார்க்காட்டில் பேயோட்டுவதை நேரில் ஆராய்ந்து 2000-ல் புத்தகம் எழுதிய இசபெல் நபகோவ், பேய் பிடிப்பது பெரும்பாலும் புதிதாக வாழ்க்கைப்பட்ட பெண்களை என்றும், பிடிப்பது பெரும்பாலும் காதல் கைகூடாமல் அகாலமாய்ச் செத்த ஆண்களின் ஆவி என்றும் காட்டுகிறார். முடிவில் பேய் தோற்க வேண்டும்; பெண்ணின் ஒரு கற்றை முடியைப் புளியமரத்தில் ஆணி அடித்து ஆவியைக் கட்டிவிட்டு, அவளைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புவார்கள். சினிமா இதைத் தலைகீழாக்கியது. இங்கே பேய்கள் பெரும்பாலும் கொல்லப்பட்ட பெண்கள், விரட்டப்பட்டவர்கள். மூன்று கேள்விக்கும் பதில் கேட்ட பிறகு கூட்டம் பேயின் பக்கம் சாய்கிறது. பூசாரியே பேய்க்கு வழி விடுகிறார். பேய் ஜெயிக்கிறது.

என்ன வேண்டும் என்ற கேள்விக்குப் பேய்கள் சொன்ன பதில்களைப் பாருங்கள். 2007-ல் வந்த 'முனி'யில் ராஜ்கிரண் சேரி மக்களுக்கு எம்.எல்.ஏ. வாக்களித்த வீட்டைக் கேட்டுச் செத்தவர். 'காஞ்சனா'வில் சரத்குமார், பெற்றவர்கள் துரத்திய இன்னொரு திருநங்கையை வளர்த்து டாக்டராக்கி, ஆஸ்பத்திரி கட்ட நிலம் வாங்கி, அந்த நிலத்துக்காகவே கொல்லப்படும் திருநங்கை. 2016-ன் 'அரண்மனை 2'-ல் ஹன்சிகாவைக் கொல்வது அவர் குடும்பமே, சாதி கௌரவத்துக்காக. நிலம், வீடு, சாதி. ஒரே ஃபார்முலா என்று சலித்துக்கொள்ளும் முன், இந்த மூன்றும் எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஏன் ஒரே ஃபார்முலாவாக இருக்கின்றன என்று கேட்டிருக்கலாம். ஆணவக் கொலையை நேராகப் பேசும் படத்துக்கு இங்கே எல்லா ஊரிலும் எல்லாச் சாதிக்காரர்களும் குடும்பத்தோடு வந்து உட்கார மாட்டார்கள். பேய்ப் படம் என்றால் வருவார்கள். கொன்ற அப்பனைப் பேய் துரத்துகிறபோது விசிலும் அடிப்பார்கள். அந்த விசிலில் எவ்வளவு மனமாற்றம் இருக்கிறது என்பது வேறு கேள்வி. அதிகம் இருக்காது என்பதே என் ஊகம். ஆனால் அந்தக் கேள்வியையாவது யாராவது கேட்க வேண்டும்.

4. எதைப் போட்டாலும் பார்ப்பார்கள் என்பது.

பொய். 'காஞ்சனா'வும் 'யாமிருக்க பயமே'வும் 'அரண்மனை'யும் ஓடியதைப் பார்த்து, 2015-க்குப் பிறகு வாரத்துக்கு ஒரு பேய் கிளம்பியது. அவற்றில் எத்தனையின் பெயர் இன்று உங்களுக்கு நினைவிருக்கிறது? சி சென்டர் அவற்றை முதல் ஞாயிற்றுக்கிழமையோடு புதைத்துவிட்டது. 2023 செப்டம்பரில் வந்த 'சந்திரமுகி 2'-ல் என்ன இல்லை? அதே பி. வாசு, அதே பெயர், இந்த வகைமையின் ராஜாவான லாரன்ஸ், கங்கனா ரணாவத். கூட்டம் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அந்த அளவு பெரிய பெயர்கள் இல்லாத 'டிடி ரிட்டர்ன்ஸ்' நன்றாகச் சிரிக்க வைத்து ஓடியிருந்தது. 2024-ன் முதல் நான்கு மாதங்கள் தமிழ் சினிமா வறண்டு கிடந்தபோது மே 3-ல் வந்த 'அரண்மனை 4'-ஐத் தூக்கி நிறுத்தியவர்கள், அதற்கு முந்தைய 'அரண்மனை 3'-க்கு அந்த அளவு மரியாதை தரவில்லை. வித்தியாசம் என்ன? நான்காவதில் தமன்னா செத்த பிறகும் மகளைக் காக்க நிற்கும் தாய். என்ன வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் உண்டு. தேர்ந்தெடுக்கத் தெரியாத கூட்டம் இப்படியா நடந்துகொள்ளும்?

எங்கள் பகுதி அடங்கிய என்.எஸ்.சி. விநியோக ஏரியாவின் வசூல் கணக்கை வைத்து ரசனையை அளப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். 'காஞ்சனா 2', 'காஞ்சனா 3' இரண்டும் நூறு கோடியைத் தாண்டியதாக அப்போது செய்திகள் வந்தன. அந்தக் காசு செஞ்சி டிக்கெட்டில் மட்டும் வந்திருக்க முடியாது. சென்னை மால் தியேட்டர்களிலும் அந்தப் படங்களுக்குக் குழந்தைகளோடு வரிசையில் நின்றவர்கள் இருந்தார்கள். அவர்கள் பார்த்தால் 'ஃபேமிலி ஆடியன்ஸ்'. நாங்கள் பார்த்தால் 'மாஸ்'.

5. மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்கலாம் என்பது.

இதைச் சொல்பவர்கள் படத்துக்கு நண்பர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். முதல் நான்கு வாதங்களைவிட எனக்கு இதுதான் வெறுப்பு. படத்தை ரசித்தவனுக்கு மூளை இல்லை என்று ஒப்புக்கொண்டே அவனுக்காக வாதாடும் வக்கீல் இவர். அதோடு, கேட்க வேண்டிய எல்லாக் கேள்விகளையும் இந்த ஒரு வாக்கியம் தள்ளுபடி செய்துவிடுகிறது.

மூளையை இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு பார்த்தால் இந்தப் படங்களின் மேல் வைக்க வேண்டிய குற்றச்சாட்டுகள் ஏராளம். கோவை சரளா போன்ற ஒரு நடிகைக்கு, அடி வாங்கவும் நிறத்தையும் வயதையும் வைத்துக் கேலி வாங்கவும்தான் வசனம் எழுதத் தெரிகிறது. 'காஞ்சனா 3'-ல் மூன்று நாயகிகள், மூவரும் நாயகனைச் சுற்றி வருவதைத் தவிர வேலை இல்லை. பேய் பிடித்த லாரன்ஸ் பெண்ணைப் போல நடப்பதும் புடவை கட்டுவதும் மஞ்சள் பூசுவதும் தியேட்டரைச் சிரிப்பால் நிரப்புகிறது. அரை மணி நேரம் கழித்து அதே உடல்மொழிக்காக வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட காஞ்சனாவுக்கு நாம் அழ வேண்டும். முதலில் சிரித்த வாயையே பின்னால் அழ வைப்பதுதான் இயக்குநரின் திட்டம் என்று வாதாடலாம். இருக்கலாம். ஆனால் படம் முடிந்து வெளியே வரும் பையன்கள் எதை நடித்துக் காட்டிக்கொண்டு வருகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். நான் பார்த்தவரை நடையைத்தான், கண்ணீரை அல்ல.

இன்னொன்று: அநீதி பெண்ணுக்கும் திருநங்கைக்கும், பழிவாங்கும் கைதட்டல் மட்டும் ஆண் நட்சத்திரத்துக்கு. பேய் அவர் உடம்புக்குள் நுழைந்துவிடுவதால் சண்டைக் காட்சி அவருடையதாகிவிடுகிறது. இது இந்த வகைமையின் ஆழமான ஏமாற்று வேலை. பயமுறுத்தவில்லை, லாஜிக் இல்லை என்று எழுதிய பக்கங்களில் கால்வாசியை இதற்குச் செலவழித்திருந்தால் லாரன்ஸ் ஏதாவது ஒரு பாகத்திலாவது பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

திருநங்கையர் விஷயத்தில் விமர்சகர்களின் அளவுகோல் எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். சித்திரையில் கூவாகத்தில் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுப்பவர்களை நாடெங்கிலுமிருந்து வரவேற்கும் பகுதி இது. கூவாகம் இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டமாகிவிட்டாலும் மிஸ் கூவாகம் போட்டி பல ஆண்டுகளாக விழுப்புரத்தில்தான். 2008-லேயே திருநங்கையர் நல வாரியம் அமைத்த மாநிலமும் இது. 2015 பொங்கலுக்கு வந்த ஷங்கரின் 'ஐ' ஒரு திருநங்கையை நாயகன் அருவருக்கும் பாத்திரமாக, வில்லியாகக் காட்டியது. திருநங்கையர் அமைப்புகள் போராடின. ஆனாலும் ஒளிப்பதிவுக்கும் ஒப்பனைக்கும் உழைப்புக்கும் பாராட்டு குவிந்தது, 'தரமான' படம் என்ற பெயர் போகவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு திருநங்கையைச் சொந்த நிலமும் சொந்த நியாயமும் உள்ள நாயகியாக வைத்த 'காஞ்சனா' இன்றைக்கும் சி சென்டர் படம்.

அதற்காகக் 'காஞ்சனா'வைத் தப்பவிட வேண்டியதில்லை. 'ஐ'-யில் அந்த இழிந்த வேடத்துக்கு உண்மையான திருநங்கை ஒருவரை அழைத்தார்கள். 'காஞ்சனா'வில் மரியாதையான வேடத்துக்குச் சரத்குமாரை அழைத்தார்கள். ஒன்பது ஆண்டு கழித்து லாரன்ஸே அதை இந்தியில் 'லக்ஷ்மி' என்று எடுத்தபோதும் அந்த வேடம் ஷரத் கேல்கர் என்ற இன்னோர் ஆணுக்குத்தான் போயிற்று. கேலிக்கு அவர்கள், கௌரவத்துக்கு நாங்கள் என்ற இந்தப் பாகப்பிரிவினைக்கு எத்தனை ஸ்டார் குறைப்பீர்கள் என்பதுதான் நான் விமர்சகர்களிடம் கேட்பது.